சாவி சுற்றும் நேரம்

ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

வீட்டில் மூவரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் சளி. ஆனால் அதைச் சளி என்று அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. உனக்குக் கடல் ஒத்துக்கொண்டதா? வாந்தி நின்றதா?

போனில் கிடைக்கிற ஐந்து நிமிடத்தையும் அம்மா "சாப்பிட்டியா, தூங்கினியா" என்றே தீர்த்துவிடுகிறாள். ஆகவே முக்கியமான செய்திகளை இனிக் கடிதத்தில் எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். உன் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால், கப்பல் அடுத்து நிற்கும் துறைமுகத்தில் உனக்குச் சேர்த்துவிடுவார்களாம்.

முதல் செய்தி: ரிப்பேர்க்கடைக் கரும்பலகையில் உன் பெயர்தான் இன்னமும் உச்சியில் இருக்கிறது. "நத்தை – 43 நிமிடம் 20 நொடி." குளிக்கப் போனால் வெளியே வராத உனக்கு அம்மா வைத்த பெயர், நம் ஊரிலேயே வீடியோ கேமை வேகமாக ஆடி முடிக்கிறவனின் பெயராக நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. உனக்குக் கீழே தையல்காரர், 47 நிமிடம் 40 நொடி. அவருக்குக் கீழே பல் டாக்டர், 48 நிமிடம் 2 நொடி. நாலு நிமிடத்துக்கு மேல் முன்னால் நிற்கிறாய்! "உங்க அண்ணனுக்கு இருக்கறது கை இல்ல பாப்பா, தையல் மிஷின்" என்று தையல்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.

பலகையில் மூன்று பெயருக்குத்தான் இடம். என் நேரம் 48 நிமிடம் 15 நொடி. பதின்மூன்றே நொடியில் பல் டாக்டரைக் கோட்டைவிட்டேன். பள்ளி விட்டதும் தினம் ஒரு ஓட்டம் ஆடுகிறேன். நீ விட்டுப்போன கன்சோல், நீ விட்டுப்போன 'அறுபது கதவு' டிஸ்க். (அந்த ஆட்டத்தின் உண்மையான பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை.) விளக்கு ஏந்திய நரி ஒவ்வொரு கதவையும் திறக்கும்போது திரை கறுத்து, பித்தளைச் சாவி ஒன்று சுற்றுமே, அந்த நேரத்தைக்கூட நான் வீணாக்குவதில்லை. மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்கிறேன். சாவி சுற்றி முடிவதற்குள் ஒரு வரி. அறுபது கதவுக்கு அறுபது வரி, அதாவது ஏறக்குறைய இரண்டு பக்கம்!

இரண்டாம் செய்தி நல்லதல்ல. கல்லூரியில் படிக்கும் யாரோ ஒருவர், பட்டப்பெயர் 'புயல்', உன் நேரத்தை முறியடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறாராம். அடுத்த மாதம் வீடியோவோடு கடைக்கு வருகிறாராம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடாதே, இறங்கவில்லை என்பது கொஞ்சம் மிகை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
புழு


ஜூன் 22

அன்புள்ள புத்தகப்புழுவுக்கு,

வாந்தி நின்றது, பசி தொடங்கியது. இரண்டில் எது மோசம் என்று கப்பல் சமையல்காரரைத்தான் கேட்க வேண்டும். அப்பாவை ஆவி பிடிக்கச் சொல். சளிக்கு என்று சொல்லாதே, முகப்பொலிவுக்கு என்று சொல்.

எஞ்சின் ரூமில்தான் என் நாள் முழுவதும். துடைப்பது, எண்ணெய் விடுவது, மணிக்கொரு முறை மீட்டர்களைப் பார்த்து நோட்டில் எழுதுவது. பேசினால் காதில் விழாது, சைகைதான். வந்த முதல் வாரமே ஊர்ப் பெருமையை அளந்துவிட்டேன். இப்போது எல்லோரும் என்னை 'நாற்பத்து மூன்று' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "டேய் நாப்பத்து மூணு, தட்டை நீட்டு!" என்று சமையல்காரர் கத்தினால் நான்தான்.

பதினான்காம் கதவுக்கு முன்னால் கம்பளம் கிடக்குமே, அதன்மேல் நடக்காதே. தாவு. நரியின் கால் சிக்காது.

புயல் வரட்டும். எழுதியிருப்பது சாக்பீஸில்தானே, அழிந்தால் அழியட்டும். நீ ஓடுவதை மட்டும் நிறுத்தாதே. 48 ஒன்றும் மெதுவில்லை. உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை.

அம்மாவின் முதுகுவலி எப்படி? போனில் கேட்டால் "எனக்கென்ன" என்கிறாள். நீ உண்மையை எழுது.

அண்ணன்


ஜூலை 7

அன்புள்ள அண்ணா,

அம்மாவின் முதுகு பரவாயில்லை, குனிந்தால்தான் வலி. அப்பா முகப்பொலிவோடு இருக்கிறார். நீ நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு நேராகச் செய்திக்கு வருகிறேன். அவசரமாக எழுதுவதால்தான் எழுத்து கோணல். அண்ணா, உன் பெயரை அழித்தார்கள்! பதினைந்தே நிமிடத்தில் நான் மீட்டுவிட்டேன்!

புயல் என்பது பெண். நான் தொப்பியும் மோட்டார் பைக்குமாக ஒருவனை எதிர்பார்த்தேன். தடித்த கண்ணாடி போட்ட ஒரு அக்கா, தோளில் துணிப்பை, கையில் வறுத்த கடலைப் பொட்டலம். பென் டிரைவை ரிப்பேர்க்கடை மாமாவிடம் நீட்டினார். மாமா எப்போதும் போலத் தொடக்கத்தைப் பார்த்தார், முடிவைப் பார்த்தார், நடுவில் யாருடைய ரேடியோவையோ பற்றவைக்கப் போய்விட்டார். திரையில் 42 நிமிடம் 51 நொடி. ஈரத்துணியை எடுத்தார், உன் பெயரைத் துடைத்து ஒரு வரி கீழே எழுதினார். தையல்காரர் "ஐயோ நத்தை!" என்று நெஞ்சில் கை வைத்தார்.

நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து முழு வீடியோவையும் பார்த்துக்கொண்டிருந்தேன், மடியில் புத்தகத்தோடு. பழக்க தோஷம், சாவி சுற்றத் தொடங்கியதும் கண் புத்தகத்துக்குப் போனது. வரி முடியவில்லை! நிமிர்ந்து பார்த்தால் நரி அடுத்த அறையில் பாதி தூரம் போய்விட்டது. அடுத்த கதவு. இரண்டு சொல்தான் படிக்க முடிந்தது. அதற்கடுத்த கதவு. அதே இரண்டு சொல்.

"மாமா, நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். பல் டாக்டர் கையிலிருந்த கேபிளைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ன பாப்பா, எலியா?"

"சாவி! சாவி சீக்கிரம் சுத்துது! எங்க வீட்டுல ஒரு கதவுக்கு அஞ்சு நொடி ஆகும். இதுல ரெண்டுகூட ஆகல."

புயல் அக்கா கடலையை மெல்லுவதை நிறுத்தினார். "நான் கம்ப்யூட்டர்ல ஆடினேன். எமுலேட்டர்ல. அதுக்கென்ன?"

மாமா சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். எனக்காக மட்டுமல்ல, கடை முழுவதற்கும் விளக்கினார். "எமுலேட்டர்ங்கறது கன்சோல் மாதிரியே நடிக்கற ஒரு புரோகிராம். ஆட்டம் அதேதான். ஆனா கன்சோல்ல டிஸ்க் சுத்தணும், லென்ஸ் தேடணும், எடுத்துக் குடுக்கணும். கிழவன் கிணத்துல தண்ணி இறைக்கற மாதிரி. கம்ப்யூட்டர்ல எல்லாம் உள்ளயே இருக்கு, குழாயைத் திறந்தா கொட்டும். அதான் கதவு சீக்கிரம் திறக்குது." பிறகு பலகையின் தலையில் எழுதியிருப்பதைத் தட்டிக் காட்டினார்: 'சொந்தக் கன்சோல். முழு நேரம். பேச்சுக்கு இடமில்லை.'

"எங்கிட்ட கன்சோல் ஏது?" என்றார் அக்கா. "சரி, கதவு சீக்கிரம் திறந்துச்சு. அப்போ என் கை ஓடினது பொய்யா?"

மாமா துடைத்தார். நத்தை மறுபடி உச்சிக்குப் போனது. நான் ஸ்டூல்மேல் ஏறிக் கைதட்டினேன். தையல்காரர் எனக்குப் போலீஸ் சல்யூட் அடித்தார். அக்கா பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடலைப் பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிட்டார்.

எப்படி என் துப்பறியும் திறமை? உடனே பாராட்டி எழுதவும்.

வெற்றிப் பெருமிதத்தோடு,
புழு


ஜூலை 15

அன்புள்ள அண்ணா,

உன் பதில் வருவதற்குள் இதை எழுதுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் சுகம். என்னால்தான் பொறுக்க முடியவில்லை.

அக்டோபர் 18 எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மற்றவர்கள் எல்லோரும் எரிமலை செய்கிறார்கள். நான் கதவுகளை அளக்கப் போகிறேன்! தலைப்பு: 'ஒரே ஆட்டம், இரண்டு கடிகாரம்'. டீச்சர் முதலில் புருவத்தை உயர்த்தினார், பிறகு இரண்டு சார்ட் அட்டை கொடுத்தார்.

மாமா கடைக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் வீடியோ ஒரே ஒரு படம் நகரும். முப்பது படம் ஒரு நொடி. சாவி தோன்றும் படத்திலிருந்து மறையும் படம்வரை எண்ணுகிறேன். புயல் அக்காவின் அறுபது கதவும் சேர்ந்து 1 நிமிடம் 30 நொடி. நம் வீட்டுக் கன்சோலில் என் ஓட்டத்தைப் பதிவு செய்து எண்ணினேன்: 5 நிமிடம் 2 நொடி. வித்தியாசம் மூன்றரை நிமிடம், ஒரு விரல்கூட அசையாமல்!

இனி உன் ஓட்டத்தின் வரிசை ஒன்றுதான் பாக்கி. வீடியோ மாமாவிடம் பத்திரமாக இருக்கிறது. அதை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை, நினைவிருக்கிறதா? கடைசித் திரையை மட்டும் காட்டி, என்னைத் தோளில் தூக்கிச் சுற்றினாய். பத்து வயதில் அது போதுமாக இருந்தது. வருகிற சனிக்கிழமை உன் கதவுகள் அறுபதையும் எண்ணுகிறேன். சார்ட்டில் உனக்குத் தங்க நிறப் பேனா.

புழு


ஜூலை 30

அன்புள்ள புழுவுக்கு,

நலம். அம்மாவைக் குனியவிடாதே, வாளியை நீ தூக்கு.

உன் ஜூலை 7 கடிதம் கிடைத்தது. துப்பறியும் திறமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண் பாவம். கன்சோல் இல்லாதது அவள் குற்றமா? அவள் பெயரையும் ஓர் ஓரமாக எழுதி வைக்கச் சொல் மாமாவிடம். நீயும் இந்தக் கதவு விவகாரத்தை இத்தோடு விட்டுவிட்டுப் பாடத்தைப் பார்.

இங்கே மூன்று நாளாக அலை. தட்டு மேசையில் நிற்பதில்லை. வேறொன்றும் இல்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணா,

இங்கு அனைவரும் நலம். வாளியை நான்தான் தூக்குகிறேன். அலை அடங்கிவிட்டதா? கணக்குப் பரீட்சையில் எண்பத்தெட்டு. மழை இல்லை. அப்பா உன் கட்டிலின் ஆடும் காலைச் சரிசெய்துவிட்டார்.

புழு


ஆகஸ்ட் 27

அன்புள்ள புழுவுக்கு,

அலை அடங்கியது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் எல்லோருக்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் ஜூலை 15 கடிதமும், அதன்பின் வந்த ஐந்து வரியும் ஒரே உறையில் கிடைத்தன. ஒன்றில் சனிக்கிழமை அளப்பதாக எழுதியிருக்கிறாய். மற்றதில் என் கட்டில் காலைப் பற்றி எழுதியிருக்கிறாய். நீ ஐந்து வரி எழுதுகிறவள் இல்லை. கடைக்குப் போய்வந்ததையே ஏழு பக்கம் எழுதுகிறவள்.

நான் இதற்கு முன் மூன்று தாளைக் கிழித்தாயிற்று. நான்காவது இது. எஞ்சின் மணி அடிக்கிறது. போக வேண்டும். நீ என்ன நினைக்கிறாயோ அதை அப்படியே எழுது, புழு. திட்டினாலும் சரி.

அண்ணன்


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம், நான் உட்பட. பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பதைத் தவிர. அம்மா வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தாள். குடித்துவிட்டேன், வேறென்ன சொல்வது?

நீ கேட்டதால் எழுதுகிறேன். உன் கதவுகள் அறுபதும் சேர்ந்து 1 நிமிடம் 30 நொடி.

முதலில் மாமாவின் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மூன்று தடவை எண்ணினேன். பிறகு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். தங்க நிறப் பேனாவை டப்பாவின் அடியில் வைத்தேன்.

ஆனால் அண்ணா, நீ ஏமாற்றுகிறவன் இல்லை. கேரம் விளையாட்டில் காய் நகர்ந்தால்கூட நீயே சொல்லுவாய். ஆகவே அன்றைக்கு நம் கன்சோல் எங்கே இருந்தது என்று யோசித்தேன். போன வாரம் மாமாவிடம் ரிப்பேர்ச் சீட்டுப் புத்தகத்தைக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். "கண்காட்சிக்கு" என்றேன். அது பாதி உண்மை. இரண்டு வருடத்துக்கு முந்தைய புத்தகம் ஸ்பீக்கர் டப்பாக்களுக்கு அடியில் இருந்தது. நம் கன்சோலை நீ மார்ச் 9 கொடுத்திருக்கிறாய், மார்ச் 30 வாங்கியிருக்கிறாய். உன் ஓட்டம் மார்ச் 21. சீட்டில் மாமா கையெழுத்தில்: "டிஸ்க் படிக்கவில்லை. லென்ஸ் மேல் இலைத்தூள். அடியில் முழு இலை ஒன்று."

அண்ணா, அது என் இலை.

ஐந்தாம் வகுப்பில் இலை ஆல்பம் செய்யச் சொன்னார்கள். புத்தகத்துக்குள் வைத்தால் பக்கம் கறை படியும் என்று, மூடினால் தட்டையாகவும் ஆடினால் சூடாகவும் இருக்கிற ஓர் இடத்தில் வைத்தேன். இதய வடிவ இலை. பிறகு அதைக் காணோம் என்று வீடெல்லாம் தேடினேன். நீயும் என்னோடு கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினாய்! உனக்கு அப்போதே தெரியும்! கன்சோலை "நண்பன் கடன் கேட்டான்" என்று சொன்னாய். நான் நம்பினேன்.

நீ ஏன் கம்ப்யூட்டரில் ஆடினாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இன்னொன்று புரியவில்லை. புயல் அக்காவின் பெயரைத் துடைத்தபோது நான் ஸ்டூல்மேல் ஏறிக் கைதட்டினேன். உன் கதவும் அவர் கதவும் ஒரே வேகம். அவர் பெயர் போனால் உன் பெயரும் போக வேண்டும். உன் பெயர் இருந்தால் அவர் பெயரும் இருக்க வேண்டும், அதுவும் உனக்கு மேலே. எப்படித் திருப்பிப் போட்டாலும் கணக்கு இதுதான்.

யாரிடமும் இதுவரை வாய் திறக்கவில்லை. உன் பதில் வரும்வரை திறக்கவும் மாட்டேன். ஆனால் அக்டோபர் 18 சார்ட்டில் உன் வரிசையை வெறுமனே விட்டால் அது பொய். நிரப்பினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் என்ன செய்யட்டும்?

இலைக்காக மன்னித்துவிடு.

புழு


அக்டோபர் 2

அன்புள்ள புழுவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் படித்ததும் இன்னும் கொஞ்சம் நலம்.

நீ கண்டுபிடித்தது அத்தனையும் சரி. நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடினேன். இலையைப் பற்றிச் சொன்னால் நீ அழுது ஆல்பத்தையே கிழித்துவிடுவாய் என்று மறைத்தேன். ஆனால் அது முதல் மூன்று வாரத்துக்குத்தான் காரணமாகும். கன்சோல் வந்த பிறகு சொல்லியிருக்கலாம். அந்த ஓட்டம்வரை என் நேரம் 47 சொச்சம். திடீரென்று 43 வந்தபோதே சாவி வேகமாகச் சுற்றுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. மாமா என் பெயரை உச்சியில் எழுதினார், நீ தோளில் உட்கார்ந்து கூவினாய், தையல்காரர் கைகொடுத்தார். முதலில் இருப்பது நன்றாக இருந்தது, புழு. அவ்வளவுதான். இலைமேல் பழி போடாதே.

நீ 48 ஓடிவிட்டு "அண்ணா, நான் ஏன் இவ்வளவு மெதுவு?" என்று கேட்பாய். அப்போதெல்லாம் உண்மையைச் சொல்ல வாயெடுத்துப் பேச்சை மாற்றிவிடுவேன். அதுதான் எனக்கு மோசம்.

இதோடு மாமாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நாலே வரி. எல்லோரும் இருக்கும்போது படிக்கச் சொல். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணைப் போய்ப் பார். உன் சார்ட்டில் என் வரிசையை நிரப்பு. தங்க நிறத்தில் வேண்டாம், ஊதாவே போதும். பெயரை மாமா துடைக்க வேண்டாம், நீயே துடை.

வயிற்றுப் பூச்சி மருந்தை இனிக் குடிக்காதே.

அண்ணன்


அக்டோபர் 20

என் அன்பு அண்ணா,

சுகம், சுகம், எல்லோரும் சுகம்! அம்மா வலியில்லாமல் குனிகிறாள், அப்பா நிமிர்ந்து நடக்கிறார், நான் தரையிலேயே இல்லை! நீ உட்கார்ந்துகொண்டு படி. எஞ்சின் பக்கத்தில் படிக்காதே.

முதலில் கல்லூரி வாசலில் புயல் அக்காவைப் பிடித்தேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. "அட, அதுக்கு ஏன் அழுவுற? நீ சரியாத்தானே பிடிச்ச" என்றார். "கடலை சாப்பிடு. உங்க அண்ணன் லெட்டர்ல என்ன எழுதியிருக்கு, படி." படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "தானா ஒத்துக்கிட்டானா? சரியான நத்தைதான். ரெண்டு வருஷம் ஆச்சு, ஆனா வந்து சேந்துட்டான்."

அவர் அன்று கேட்ட கேள்வி என் மண்டைக்குள்ளேயே கிடந்தது: 'என் கை ஓடினது பொய்யா?' சார்ட்டில் உன் வரிசையை நிரப்பிக்கொண்டிருந்தபோது பளிச்சென்று பட்டது. கை ஓடியது பொய்யில்லை, கதவு நேரம்தான் ஆளுக்கு ஆள் வேறு. அப்படியானால் கதவுகளை எல்லோரிடமிருந்தும் கழித்துவிட்டால்? மிச்சம் இருப்பது கை மட்டும்தானே! கண்காட்சியில் இதையே விளக்கினேன். டீச்சர் "எரிமலையைவிட இது சூடு" என்றார். (இரண்டாம் பரிசு. முதல் பரிசு எரிமலைக்கு.)

நேற்று மாலை கடைக்குப் புயல் அக்காவும் என்னோடு வந்தார். மாமா உன் கடிதத்தை உரக்கப் படித்தார். தையல்காரர் "நம்ம நத்தையா!" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மாமா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "நடுவுல பாக்காம விட்டதும், கன்சோல் எங்கிட்டயே கிடந்தப்ப ஓட்டம் எப்படி வந்துச்சுன்னு கேக்காம விட்டதும் என் தப்பு. தொடக்கமும் முடிவும் பாத்தா ஓட்டம் பாத்ததா ஆயிடுமா?" என்று ஈரத்துணியை என்னிடம் நீட்டினார். நான்தான் துடைத்தேன், அண்ணா. கண்ணை மூடிக்கொண்டு துடைத்தேன். திறந்தபோது பலகையின் தலைப்பையும் சேர்த்துத் துடைத்திருந்தேன்!

"ஐயையோ, என் சட்டம்!" என்றார் மாமா.

"இருங்க மாமா, புதுசு எழுதலாம்" என்று சார்ட்டை விரித்துக் காட்டினேன். பல் டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார். தையல்காரர்தான், "அஞ்சு நிமிஷத்தை ஒரே வெட்டா வெட்டிட்டியே, அளவு சரியா வருமா?" என்றார். புயல் அக்கா 42:51, கதவு போக 41 நிமிடம் 21 நொடி. நீ 43:20, கதவு போக 41:50. தையல்காரர் கழித்துப் பார்த்தால் 42:38. அவர் முகம் மலர்ந்தது. "நாலு நிமிஷம் பின்னாடி இருந்தேன், இப்போ ஒரு நிமிஷம்கூட இல்ல!"

அப்போது புயல் அக்கா என்னைப் பார்த்தார். "உன்னோடது என்ன?"

"போன வாரம் 47:20. ஆனா வீடியோ இல்ல."

"இங்க கன்சோல் இருக்கு. நான் பாக்கறேன், ஆடு."

கடைக் கன்சோலில் உட்கார்ந்தேன். மடியில் புத்தகத்தை வைத்தேன். அக்கா அதை எடுத்துவிட்டார். "கதவு திறந்தப்புறம் புத்தகத்துலேர்ந்து கண்ணை எடுக்க அரை நொடி. அறுபது கதவுக்கு எவ்வளவு?" முப்பது நொடி! இவ்வளவு நாளும் நான் இரண்டு பக்கத்துக்கு முப்பது நொடி விலை கொடுத்திருக்கிறேன்!

ஆடினேன். சாவி சுற்றும்போது முதல் தடவையாகச் சாவியையே பார்த்தேன். அது சுற்றும் ஐந்து நொடியில் அடுத்த அறை முழுவதும் மனத்தில் விரிந்துவிடுகிறது, தெரியுமா? கதவு திறக்கும்போது நரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பதினான்காம் கதவில் கம்பளத்தைத் தாவினேன். நாற்பதாம் கதவில் பல் டாக்டர் நகம் கடித்தார், பல் டாக்டரே! கடைசிக் கதவில் யாரும் மூச்சு விடவில்லை.

46 நிமிடம் 44 நொடி.

கதவுகளை எண்ணிப் பார்த்தால் இங்கும் 5:02தான். மாமா சாக்பீஸால் கழித்தார். கழித்துவிட்டு ஒரு முறை திரும்பிப் பார்த்தார். மறுபடி கழித்தார். 41 நிமிடம் 42 நொடி.

உன்னைவிட எட்டு நொடி குறைவு.

யாரோ என்னைத் தூக்கினார்கள். தையல்காரர் என்று நினைக்கிறேன். நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக உனக்கு ஐந்து நிமிடம் பின்னால் ஓடுகிறேன் என்று நினைத்திருந்தேன், அண்ணா. நான் மெதுவே இல்லை! கதவுதான் மெதுவு!

பலகையில் இப்போது:
'கதவு கழித்து. முழுதும் பார்த்து.
புயல் – 41:21
புழு – 41:42
நத்தை – 41:50'

உன் பெயரை நானே மறுபடி எழுதினேன். உனக்குக் கோபம் இல்லையே? எட்டு நொடிக்குக் கோபம் இல்லையே?

உடனே எழுது. உடனே!

உன் தங்கை,
பலகையில் இரண்டாம் இடம், புழு


நவம்பர் 8

இரண்டாம் இடத்துப் புழு அவர்களுக்கு,

மூன்றாம் இடத்து நத்தை எழுதுவது. உடம்பு நலம், மானம் கொஞ்சம் காயம், அதுவும் ஆறிவருகிறது. வீட்டில் எல்லோரும் நிமிர்ந்தும் குனிந்தும் சுகமாக இருப்பதில் மகிழ்ச்சி.

உன் கடிதத்தை எஞ்சின் பக்கத்தில்தான் படித்தேன், சொன்னால் கேட்பேனா? 41:42 என்ற இடத்தில் கத்திவிட்டேன். அந்தச் சத்தத்திலும் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. ஓடி வந்துவிட்டார்கள், ஏதோ வெடித்துவிட்டது என்று. சாப்பாட்டு நேரத்தில் முழுக் கதையையும் சொன்னேன், இலை முதல் எட்டு நொடி வரை, எதையும் விடாமல். சமையல்காரர் கரண்டியை நீட்டித் தீர்ப்புச் சொன்னார்: "அப்போ நாப்பது போச்சு, மூணு மிச்சம். டேய் மூணு, தட்டை நீட்டு!" அன்றிலிருந்து என் பெயர் மூன்று. முந்தைய பெயரைவிட இது சுமப்பதற்கு லேசாக இருக்கிறது.

கோபமா? கோபம்தான். எட்டு நொடியை எங்கே விட்டேன் என்று மீட்டர் பார்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். முப்பத்தொன்றாம் கதவில் என்று சந்தேகம். அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இனி நீ எதிராளி.

டிசம்பர் 12 இறங்குகிறேன். அம்மாவிடம் போனில் சொல்லியாயிற்று, ஆனால் மணி சொல்லவில்லை. கன்சோலைத் திறந்து உள்ளே இலை எதுவும் இல்லை என்று பார்த்து வை. புயலையும் கூப்பிடு; கடலை என் செலவு.

வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டுவேன். ஸ்டாப்வாட்ச் என் கையில் இருக்கும். நீ திறக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கிறேன். அதை மட்டும் கழிக்க மாட்டேன்.

அண்ணன்